கட்டம் கட்டமாக

பதிவிறக்கப் பட்டியலில் மூன்றே பேர்:
விண்டோஸ், மேக், லினக்ஸ்.
எங்கள் எஸ்டேட் கணினிக்கு அந்தப் பந்தியில் இலை இல்லை.
பழைய மேனேஜர் ஃப்ரீபிஎஸ்டி போட்டுவிட்டுக்
குன்னூருக்கு மாறிப்போனார்.
கடவுச்சொல் மட்டும்
மிளகு மூட்டைச் சீட்டின் பின்பக்கம்.

கறுப்புத் திரையில் செலக்ட் என்று தட்டினால்
வரும், எல்லாம் வரும்.
ஆனால் எடை போடும் சகாயமேரிக்கு
ஜன்னல் வேண்டும், பட்டன் வேண்டும்,
தப்பான கிலோவை மவுஸால் தொட்டுத்
திருத்த வேண்டும்.

மூலநிரலை இறக்கி
ஆறு மணிக்குக் கம்பைலுக்கு விட்டேன்.
ஒன்பதுக்கு, ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்றது.
பதினொன்றுக்கு
கரண்டே இல்லை என்றது நாகலூர்.
மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

விடிகிற நேரம் திறந்தது ஜன்னல்.
கிலோ சரி. தேதி சரி.
பெயர் வரிசையில் மட்டும்
கட்டம், கட்டம், கட்டம்.
காப்பிப் பழம் பறித்த எழுபத்தொரு பேரும்
ஒரே சாயலில்.

எழுத்துரு ஏற்றினேன்.
கொம்பு தனியே, கால் தனியே
தள்ளாடி வந்தாள் பொன்னுருவி;
மறுபடி ஏற்ற, நேராக நின்றாள்.

சகாயமேரி எட்டிப் பார்த்தாள்.
"போன செவ்வாய் அவளுக்கு நாப்பத்தாறு கிலோ.
முப்பத்தாறுன்னு இருக்கே."

மவுஸை அவள் பக்கம் தள்ளினேன்.