பதினொரு செக்கன்

சுவரொட்டியில் ஆறு ஊர் இருக்கிறது.
உண்மையைச் சொன்னால்
மேடை கிடைத்த ஊர்களல்ல அவை,
மெத்தை கிடைத்த ஊர்கள்.
லியோனில் அம்மாவின் மச்சாள்.
டோர்ட்முண்டில் அப்பாவோடு படித்தவரின் மகன்,
சொந்தமில்லை, ஆனாலும் சொந்தம்.
பீல் நகரில் கிருபை மாமா,
அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி,
எனக்கு இதுவரை
வட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் பூ.

ஸ்டேசனில் மாமி என்னைக் கட்டிப்பிடித்தா.
பிறகு கிற்றாரை மேலும் கீழும் பார்த்தா.
"இதுக்கும் டிக்கெற் எடுக்கிறனியோ?"

நாலாம் மாடி. லிப்ற் இல்லை.
பெடல் ஏழு, பாம்புப் பெட்டிபோல வயர்கள்,
விற்காத இசைத்தட்டு முப்பத்தெட்டு,
விற்கவேண்டிய ரீசேர்ட்டுகளின் மேல்
லியோனில் யாரோ ஊற்றிய பியர்.
"எல்லாத்தையும் தா, தோய்ப்பம்."
ஆனால் அன்று எங்கள் நாள் இல்லை.
அந்தக் கட்டடத்தில் அழுக்குக்கும் தவணை உண்டு:
நிலவறையில் ஒரே ஒரு மெசின்,
இரண்டு கிழமைக்கு ஒருதரம் கைக்கு வரும் சாவி.
மாமி மூன்றாம் மாடிக்கு இறங்கிப்போய்
ஸ்பின்டன் அம்மாவின் வியாழக்கிழமையைப்
பதினைந்து றோல்சுக்கு வாங்கிவந்தா.

மாமாவின் குசினிச் சட்டைகளுக்கு நடுவே
என் பெயர் போட்ட பன்னிரண்டு ரீசேர்ட்டுகள் காய்ந்தன.
எந்தக் கச்சேரியிலும் என் பெயரை
அத்தனை பேர் நெஞ்சில் நான் கண்டதில்லை.

ஆரனுக்குப் பதினைந்து வயது.
"நீங்கள் பிரபலமா?"
"இல்லை."
"அப்ப ஏன் வந்தனீங்கள்?"
கேள்வியில் கெட்டது ஒன்றுமில்லை.
இடியப்பம் சூடாயிருந்தது. சாப்பிட்டேன்.

பழைய மணிக்கூட்டுத் தொழிற்சாலை, கீழறை.
இருபத்துமூன்று பேர்.
மாமி இசைத்தட்டு மேசையில்,
நெற்றியில் பொட்டு, காதில் மஞ்சள் பஞ்சு,
வருகிறவனின் சப்பாத்தைப் பார்த்து
விலையைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தா.
மாமா ஒன்பதரைக்கு வந்தார், வேலையிலிருந்து நேரே,
வெங்காயமும் சவர்க்காரமும் மணக்க.
கதவடியில், பையைத் தோளிலிருந்து இறக்காமல்,
அடுத்த பஸ்சுக்கு நிற்பவரைப்போல நின்றார்.

நாலாவது பாட்டில் வயர் செத்தது.
குனிந்து தேடி, வேறொன்றை எடுத்துச் சொருகி
நான் நிமிர்வதற்குள் பதினொரு செக்கன்.
எண்ணியது நானல்ல, மாமா.

திரும்பி நடக்கையில் ஏரிப்பக்கத்துக் காற்று.
பாலம்வரைக்கும் மாமி கணக்குச் சொன்னா:
ஏழு தட்டு, ஒன்று கடன்,
கடன்காரனின் டெலிபோன் நம்பர் வாங்கியாச்சு.
மாமா பாலம் தாண்டித்தான் வாய் திறந்தார்.
"நடுவில ஒருக்கா நிப்பாட்டினாய் எல்லே?
அந்த இடம் நல்லாயிருந்தது."
"அது பிழை மாமா. வயர் போட்டுது."
"பிழையோ?"
கொஞ்சத் தூரம் நடந்தார்.
"இருபத்தாறு வருசமா அந்தக் குசினியில
காத்துமெசின் நிண்டதே இல்லை.
ஒருநாள் கரண்ட் போச்சு.
எல்லாரும் கையில கரண்டியோட
அப்பிடியே நிண்டனாங்கள்.
அதுமாதிரி."
பிறகு சாவியைத் தேடினார்.

பாசல் எல்லையில் சுங்கத்தாளை நீட்டினேன்.
கிற்றார் ஒன்று. பெடல் ஏழு. இசைத்தட்டு முப்பத்தொன்று.
தாளில் இல்லாதவை:
மிளகாய்த்தூள் இரண்டு கிலோ,
லண்டன் பெரியம்மாவுக்கு ஒரு சேலை,
டோர்ட்முண்டுக்கு ஒடியல் மா,
ஸ்பின்டன் அம்மாவின் வியாழக்கிழமை மணக்கும்
பன்னிரண்டு ரீசேர்ட்.
அதிகாரி பையைத் திறந்தான், தும்மினான், மூடினான்.

டோர்ட்முண்ட். நாலாவது பாட்டு.
வயரில் ஒரு குறையும் இல்லை.
கையை எடுத்தேன்.
மூன்றில் யாரோ போத்தலைக் கீழே வைத்தார்கள்.
ஏழில் ஒருவன் சிரித்தான்,
எட்டில் அவனே நிறுத்திக்கொண்டான்.
ஒன்பது.
பத்து.