அரை மணி

ஒரு பழைய லாரியின் விலை.
கிளெம் கேட்டபோது பாதிதான் சொன்னேன்,
அதற்கே உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்திவிட்டான்.

கப்பல் சேதம் மதிப்பிடுவது என் தொழில்.
நெளிந்த தகடு, உப்பேறிய எஞ்சின்,
நனைந்து முளைவிட்ட நானூறு டன் கோதுமை:
எதைக் கண்டாலும் நோட்டைத் திறந்துவிடும் கை.
இதையும் விடவில்லை.

முதல் நாள், மூன்று விநாடி முந்துகிறது.
முகம் மேலாக வைத்த இரவில் ஐந்து.
குமிழ் கீழாகச் சாய்த்து வைத்தால் ஒன்றுதான்.
படுக்கும் பக்கத்துக்கு ஒரு குணம்,
கிளெம்மின் குறட்டை போல.
எடை நூற்று நாற்பத்திரண்டு கிராம், இரண்டு கண்ணி கழற்றியபின்.
பூட்டு நன்று. குளிரில் மணிக்கட்டு சுருங்கும்,
அதற்கும் ஒரு படி விட்டிருக்கிறார்கள்.
வளையத்தைத் திருப்பினால் நண்டுக்கால் முறியும் ஓசை.
விளிம்பில் கீறல் ஒன்று: ஏழாம் நாள், ஹாலிஃபாக்ஸ்,
கப்பல் ஏணி. என் தவறு.

அப்புறம் அந்த நாலாவது முள்.
சிவப்பு. நாளுக்கு ஒரே சுற்று.
எங்கே போனாலும் வீட்டு நேரம் சொல்லும் என்றார் விற்றவர்.
சொல்கிறது,
வீடு முழு மணியில் இருந்தால்.

எங்கள் தீவு முழு மணியில் இல்லை.
கிரீனிச்சுக்கு மூன்றரை பின்னால்,
கோடையில் இரண்டரை.
வானொலியில் எந்த நிகழ்ச்சியைச் சொன்னாலும் வாலில் கட்டிவிடுவார்கள்:
நியூஃபவுண்ட்லாந்தில் அரை மணி கழித்து.
நாடே அதைச் சொல்லிச் சிரிக்கும். நாங்களும்தான்.

நிமிட முள்ளோ ஒன்றே ஒன்று, இரண்டு ஊருக்கும் பொது.
ராட்டர்டாமுக்குத் திருத்தினால் வீடு பொய்.
வீட்டுக்குத் திருத்தினால் உலகம் பொய்.
நோட்டில் எழுதினேன்: குறை, ஒன்று.
பிறகு அடித்தேன்.
அடித்ததன் மேலேயே திரும்பவும் எழுதினேன்.

நவம்பர். உலர்துறையில் ஒரு கொள்கலன் கப்பல்,
அடிவயிற்றில் பதினோரு மீட்டர் கிழிசல்.
ராத்திரி ஓட்டல் கட்டிலில் காலணியோடு கிடந்து பார்த்தேன்.
இங்கே பதினொன்று. சிவப்பு முள் பதினெட்டில்.
ஆறு மணி, செய்தி நேரம், கூப்பிட்டால் உம் கொட்டுவான்.
அரையைக் கூட்டினேன்.
செய்தி முடிந்திருக்கும்.
கூப்பிட்டேன்.
"உன் தட்டையும் எடுத்து வைத்துத் தொலைத்தேன், ஊனா,"
என்றான், "சரி, அதில் ரொட்டியை வைத்துக்கொண்டேன்."

மறுநாள் துறைமுகத்துப் பக்கம் ஒரு கடிகாரக் கடை.
ராதின் சூக்காய், பரமாரிபோவில் பிறந்தவர்,
பச்சைத் துணியில் ஒன்றைக் கிடத்தினார்.
வீட்டுக்கென்று தனி நிமிட முள்.
"காட்மாண்டுவின் முக்கால் மணிகூட இதற்குத் தெரியும், அம்மா."
விலை மூன்று லாரி.

பத்து நிமிடம் கட்டியிருந்தேன்.
இங்கே ஒன்று இருபத்திரண்டு,
அங்கே எட்டு ஐம்பத்திரண்டு, மயிரிழை பிசகாமல்:
கிளெம் இப்போது பெட்ரோல் பங்க்கைத் தாண்டி
படகுத்துறை இறக்கத்தில் இருப்பான்.
கூட்ட எதுவும் இல்லை. கழிக்க எதுவும் இல்லை.
கை சும்மா இருந்தது.

தடிமன் அதிகம், வேலைச் சட்டையின் கைக்குள் நுழையாது என்று
கழற்றிக் கொடுத்தேன்.
நுழைந்துதான் இருந்தது.
சூக்காயும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது செயின்ட் ஜான்ஸில் மூடுபனி.
விமானம் இரண்டு சுற்றுச் சுற்றி,
மூன்றாவதில் தரையைக் கண்டுபிடித்தது.
சக்கரம் பட்டதும் குமிழை இழுத்தேன்.
விநாடி முள் நின்றது.
நிமிட முள்ளைப் பாதிச் சுற்றுத் தள்ளி,
பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசியை எட்டிப் பார்த்து
அழுத்தினேன்.

முப்பத்தோரு நாள் விநாடிக் கணக்கு
அத்தோடு போயிற்று.
எப்போதும் இப்படித்தான் போகிறது, இந்த ஓடுபாதையில்.
பெட்டிக்குக் காத்திருக்கும்போது
நோட்டில் புதுப் பக்கம் புரட்டி எழுதினேன்:
முதல் நாள்.