மூட்டு எண் 1147

இரவு பத்தரைக்குச் சைரன் ஊதி
சிவப்பு நாடா கட்டி
ஆட்களெல்லாம் வெளியேறியபின்
குழாய்க்குள் கதிர் இறங்கும்.
காலையில் ஈரம் முழுதாய்க் காயாத ஃபிலிம்கள்
என் மேசைக்கு வந்துவிடும்.
விளக்குப்பெட்டியில் ஒவ்வொன்றாய்ச் செருகி
சாம்பலில் கறுப்பு தேடுவது என் வேலை.
அத்திப்பட்டு சைட்டில் எனக்குப் பெயர்
ஃபிலிம் மேடம்.

இந்தக் குழாயில் வரப்போவது
மைனஸ் நூற்று அறுபத்திரண்டு டிகிரி.
வெளியே மே மாதம்.
கன்டெய்னர் ஆபீசின் கைப்பிடியைத்
துப்பட்டா சுற்றித்தான் திறக்கிறோம்.
எங்கோ ஒரு வளைகுடாவில் குளிரவைத்துத் திரவமாக்கி
கப்பலில் கொண்டுவந்து
இங்கே கடல்நீரால் சூடேற்றி
மறுபடி வாயுவாக்கி எரிப்பார்கள்.
கடல் தன் சூட்டில் கொஞ்சம் கொடுத்துவிட்டுக்
குளிர்ந்து திரும்பும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில்
காட்டுக்குப்பத்து மரகதவல்லி
மைக்கைப் பிடித்துக் கேட்டாளாம்:
"அந்தாண்ட அனல்காரன் வெந்நீர் விடறான்.
இந்தாண்ட நீங்க ஐஸ்தண்ணி விடப்போறீங்க.
எறா இன்னா செய்யும் சார்,
ஸ்வெட்டர் போட்டுக்குமா, கழட்டிக்குமா?"
எல்லோரும் சிரித்தார்கள்.
குறிப்பேட்டில் எழுதினார்கள்:
வெப்பநிலை குறித்து ஒருவர் வினவினார்.

ஆயிரத்து நூற்று நாற்பத்தேழில் நாலு புள்ளி.
ஊசிமுனை அளவு, ஒரே வரிசையில்.
பற்றவைத்தவர் முத்திரை டபிள்யூ 31.
சிவப்புப் பென்சிலால் சுழித்து
'வெட்டு' என்று எழுதினேன்.

பதினொரு மணிக்கு வந்துவிட்டார் தேசிங்கு.
நெட்டுக்குப்பம். இருபத்தாறு வருஷம்
ஆர்க் பார்த்த கண், ஓரத்தில் சிவந்து.
இஞ்சுக்கு இவ்வளவு என்று கூலி;
மூட்டை வெட்டினால் அதுவும் வெட்டு.
"கப்பல் வேலைலகூட
என் ஜாயின்ட் ஒழுகினதில்ல மேடம்."
பேசாமல் ஃபிலிமை விளக்கில் செருகினேன்.

குனிந்தார்.
தன் கைவேலையின் உள்பக்கத்தை
இத்தனை வருஷத்தில் இவர் பார்த்ததேயில்லை என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
செவுளைத் தூக்கி மீன் பார்ப்பதுபோல்
ஓரத்திலிருந்து ஆரம்பித்து
ரொம்ப நேரம் பார்த்தார்.
பிறகு கட்டைவிரலை அந்த நாலு புள்ளிமேல் வைத்து
"இது காத்து" என்றார்.

"செவ்வாக்கெழம சாயங்காலம்.
கடக்காத்து தார்ப்பாயத் தூக்கிடுச்சு.
ஆர்கான் நிக்கல. ஒரு நிமிசம்.
கைய எடுத்திருக்கணும்.
எடுக்கல."

நான் என்ன சொல்ல.
ஒரு நிமிட எண்ணூர்க் காற்று,
உப்பும் பறக்கும் சாம்பலும் கலந்தது,
எஃகுக்குள் நாலு குமிழாய் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மதியம் வெட்டினார்கள்.
வளையம் விழுந்த சத்தம் என் அறைவரை கேட்டது.
ஒடிசாப் பையன்கள் இருவர்
தார்ப்பாயை முதுகால் அழுத்திக்கொண்டிருக்க
அவரே மறுபடி பற்றவைத்தார்.
மறுபடத்தில் ஒரு கறை இல்லை.
கையெழுத்துப் போட்டேன்.

எரிவாயு விலை ஏறிவிட்டதாம்.
கப்பல் வந்தாலும் கட்டுப்படியாகாதாம்.
வருஷத்தில் நாற்பது நாள்
இந்த டர்பைன் சுற்றினால் அதிகம் என்று
அக்கவுண்ட்ஸில் பேச்சு.
தேசிங்கிடம் நான் சொல்லவில்லை.
அவருக்குத் தெரிந்திருக்கும்.

தள்ளுபடியான ஃபிலிமையும்
பத்திரப்படுத்தி வைக்க வேண்டும், அது விதி.
"ஒரு வாட்டி குடுங்க மேடம்,
வூட்ல காட்டிட்டுத் தந்துடறேன்."
கொடுக்கக் கூடாது.
கொடுத்தேன்.

நேற்றிரவு மீஞ்சூரில் ஒன்றரை மணிநேரம் கரண்ட் இல்லை.
நெட்டுக்குப்பத்திலும் இருந்திருக்காது.
கொசுவை விரட்டிக்கொண்டு
செல்போன் வெளிச்சத்தில்
அதைத் தூக்கிப் பிடித்திருப்பார்:
இதோ பாரு,
காத்து.