நிறுத்தம்: 40 நிமிடம்

லாரியோ ஆட்டோவோ, எது வந்தாலும்
இலையை நிறுத்துச் சீட்டுக் கிழிக்க எட்டு நிமிடம்.
ஒன்பது நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும்.
மிச்சம் ஒரு நிமிடம்.
அதில்தான் நான் டீ குடிப்பேன்,
பேனாவை உதறுவேன்,
கோத்தகிரிச் சரிவில் மேகம் ஏறுவதைப் பார்ப்பேன்.

மே மாதம். மாலை நாலு மணி.
எங்கோ ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்தது.
வாட்டுத் தொட்டிக் காற்றாடிகள்
மனமில்லாமல் கடைசிச் சுற்றை முடித்தன.
தராசின் சிவப்பு எண் அணைந்தது.
மாதியம்மாவின் ஏழாவது மூட்டை மேடைமேல்.
தராசுக்கு ஞாபகம் கிடையாது.
"மறுபடி முதல்லேர்ந்தா?"
"முதல்லேர்ந்துதான்."
ஜெனரேட்டர் இருமிப் பார்த்தது. டீசல் இல்லை.

காலையில் அமுக்கிக் கட்டிய மூட்டைக்குள் கைவிட்டேன்:
அடைக்கோழியின் வயிற்றுச் சூடு.

நாலு நாற்பதுக்குக் கரண்ட் வந்தது. கைதட்டினார்கள்.
வாசலில் நாலே வண்டி.
மேலாளர் பதிவேட்டில் எழுதினார்:
நிறுத்தம், 40 நிமிடம்.
மாதியம்மாவை மறுபடி நிறுத்த ஐந்து நிமிடத்துக்கு
அதில் கட்டம் இல்லை.

ஐந்து மணிக்கும் வாசலில் நாலு.
ஆறுக்கும் நாலு.
இயந்திரங்கள் ஓடுகின்றன, நான் ஓடுகிறேன்,
வரிசை மட்டும்
இன்னும் நாலு மணியிலேயே நிற்கிறது.
வண்டிக்கு ஒரு நிமிடமாகத்தானே
கடனை அடைக்க முடியும்.

ஒன்பது ஐந்துக்கு வாடகை ஆட்டோவில் போஜன்,
மூன்று மூட்டையோடு.
கடைசி பஸ் ஒன்பது இருபதுக்கு.
வேறொரு நாளாயிருந்தால்
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்து
சாவகாசமாக ஏறியிருப்பார்.
அவர் மூட்டை மேடை ஏறியபோது
வளைவில் பஸ்ஸின் பின்விளக்கு திரும்பியது.
அதைப் பார்த்தபடியே கேட்டார்:
"கரண்ட் எப்போ போச்சு?"
"நாலு மணிக்கு."
விரலை மடித்து எண்ணினார்.
"அப்போ இந்த இலை செடியிலல்ல இருந்துச்சு."
குறையாகச் சொல்லவில்லை.
கணக்குச் சரியா என்று பார்ப்பவர்போல.
ஆட்டோக்காரர் எப்போதோ போய்விட்டிருந்தார்.
மூட்டைச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு
பனிக்குள் நடந்தார்.

பத்தே முக்காலுக்கு
என் ஒரு நிமிடம் திரும்பி வந்தது.
டீயை ஊற்றிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தேன்.
நாற்பது என்று எழுதியிருந்த இடத்தில்
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்தேன்.
மை ஊறி
பூஜ்யம் பெரிதாயிற்று.