மூன்றாவது பல்

மூன்று இடம் பார்க்கணும் என்று
காரைக்குடி பழைய பேருந்து நிலையத்தில்
காலை ஆறரைக்கு வேனில் ஏற்றினார்கள்.
பாசன சங்கத்தார் எட்டுப் பேர்,
ஊராட்சி எழுத்தர் இருவர், கல்லூரிப் பிள்ளைகள்,
பொக்லைன் ஓட்டுகிறவன் நான் ஒருவன்.
ஒரு நாள் வாடகை போச்சே என்று
முதலாளி முனகியது இன்னும் காதில்.

ஆளுக்கொரு நோட்டு, ஒரு பேனா, பொட்டலத்தில் இட்லி.

முதல் இடம்,
ஆறு என்று சொல்லக் கூசும் அகலம்.
சீமைக்கருவேலை பிடுங்கிய கரையில் நொச்சி.
ஒரு வளைவு, வளைவை ஒட்டி மடு,
மடுவைத் தாண்டி மணல்திட்டு.
ஆரோக்கியசெல்வி மேடம் ஒரு வேப்பிலையைப் போட்டு
கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார்.
பத்தடி போக இலைக்கு ஒரு நிமிஷம்.
நடுவில் சுற்றியது, திரும்பியது,
பையை மறந்து வந்தவனைப் போல
கரையோரம் சற்று நின்றது.
"இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்
ரெண்டு வருஷம் வேலை பார்த்தோம்."
எனக்குப் புரியவில்லை.
நோட்டில் 'இலை' என்று மட்டும் எழுதினேன்.

இரண்டாம் இடத்தில் காட்ட ஒன்றுமில்லை.
கோரை, அதற்கப்பால் கோரை.
"ஆறு எங்கே சார்?" என்றான் ஒரு பையன்.
எழுத்தர் திருஞானம் செருப்போடு இறங்கி
முழங்கால்வரை புதைந்து பதில் சொன்னார்.
ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் இடத்துக்கான வழி
எனக்குத் தெரிந்த வழியாக இருந்தது.
செங்கல் சூளை, பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பின்மதில்,
கைகாட்டி இல்லாத முக்கு.
டிரைவருக்கு முன்னால்
என் கை வலப்பக்கம் திரும்பிவிட்டது.

"இது கெட்டுப்போன இடம்,
இதையும் பார்க்கணும்" என்றார் மேடம்.
ஆறு வருஷம் முந்தித் தூர்வாரியது.
நூல் பிடித்த நேர்க்கோடு, பிசகாத சரிவு.
அடுத்த ஐப்பசியில்
ஒரே ராத்திரியில் வந்த வெள்ளம்
அதே ராத்திரியில் போனது.
போகிற போக்கில் கலுங்கின் காலையும்
கிழக்குக் கரைப் பனை நாலையும் கூட்டிப்போனது.
இன்றைக்கு ஆற்றின் தரை
வயலுக்கு இரண்டு ஆள் கீழே.
அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம்
அந்தப் பள்ளத்துக்கு வடிந்துகொண்டிருக்கின்றன.

வெள்ளம் எட்டாத மேல்விளிம்பில்
செம்பூரான் பாறையில் ஐந்து கீறல்.
மூன்றாவது மட்டும் ஆழமில்லை.
என் பக்கெட்டில்
மூன்றாவது பல் உடைந்திருந்த வருஷம் அது.

மணிக்கு எண்ணூறு ரூபாய்.
நேராக வெட்டினால் டீசல் மிஞ்சும்.
வளைவில் ஒரு மருதமரம்.
பத்தரைக்கு நின்றது,
பத்தே முக்காலுக்கு இல்லை.

யாரும் கேட்காமலே சொன்னேன்:
"இது நான் வெட்டினது."
சங்கத்துச் சாத்தையா வெற்றிலையைத் துப்பிவிட்டு,
"நேரா வேணும்னு கையெழுத்துப் போட்டது நானு" என்றார்.
பிள்ளைகள் எழுதுவதை நிறுத்தினார்கள்.
மேடம் அளவு டேப்பின் ஒரு முனையை
என் கையில் கொடுத்தார்.
"மரம் எங்க நின்னுச்சு?"

அதுதான் தெரியவில்லை.
அன்றைக்கு நான் பார்த்தது பக்கெட்டை,
மரத்தை அல்ல.
அந்த நேர்க்கோட்டில்
மேலும் கீழுமாக நடந்தேன்.
எல்லா இடமும் ஒரே இடமாக இருந்தது.
கடைசியில் குத்தவைத்து உட்கார்ந்தேன்,
கண்ணை மூடி
இல்லாத லீவரை இரண்டு கையாலும் பிடித்தேன்.
வண்டி மூக்கு வடக்கே.
வெயில் வலக் கன்னத்தில்.
வேர் விடும்போது இடப்பக்கம் தூக்கிய சீட்.
வயிற்றுக்கு அது ஞாபகம் இருந்தது.

"இங்க."

முளைக்குச்சி அடித்தார்கள்.
"இல்லப்பா, இன்னும் நாலடி மேக்க"
என்று சாத்தையா இன்னொன்றை எடுத்தார்.
மாடு கட்டின மரம் எனக்குத் தெரியாதா என்றார் அவர்.
சாய்த்த மரம் எனக்குத் தெரியாதா என்றேன் நான்.
மேலே சாலையில்
வேன் ஹாரன் அடித்தது, திரும்பவும் அடித்தது.
டேப்பின் மறுமுனையைப் பிடிக்க
அந்தப் பையன் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தான்.