பத்தொன்பது அடி

முதல் மூன்று வாரம் எங்கும் போகவில்லை.
மூஸ் ஜாவில், எங்கள் வீட்டு வாசலிலேயே
நிறுத்திவைத்த டிரெய்லரில் படுத்தோம்.
பத்தடி தள்டி எங்கள் கட்டில் காலியாகக் கிடந்தது.
எதிர்வீட்டு லாயிட் காப்பிக் கோப்பையோடு வந்து
"வீட்டில் சண்டையா?" என்று கேட்டான்.
"ஒத்திகை" என்றான் ஓரெஸ்ட்.

ஒத்திகை நாய்களுக்கு.
பீட்ரூட்டுக்கு இரண்டு வயது, செம்மண் நிறம்.
உட்காருவது என்பது
அவள் எங்கோ கேள்விப்பட்ட வதந்தி.
நிக்கல், மாடு மேய்க்கப் பிறந்தவன்.
எங்கள் தெருவில் மாடில்லை,
என் குதிகாலை மேய்க்கிறான்.

படியில்தான் முதல் தகராறு.
மூன்று இரும்புப் படி, சல்லடைக் கண்,
ஊடே புல் தெரிந்தது.
தரை தெரிகிற படியை நம்பக் கூடாதென்று
இரண்டும் வாழ்க்கையில் முதல்முறையாக
ஒத்துப்போயின.
பழைய கம்பளத்தை வெட்டிப் படியில் கட்டினேன்.
ஒரு படி, ஒரு துண்டு ஈரல்.
இன்னொரு படி, இன்னொரு துண்டு.
மூன்றாவதில் பீட்ரூட் என் தலைக்குமேல் பறந்து
பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போய் நின்றாள்.

அப்புறம் சத்தங்கள்.
தண்ணீர் பம்ப் உறுமினால் நிக்கல் பதிலுக்கு உறுமினான்.
ஹீட்டர் 'டிக்' என்றால்
யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்றான்.
டிக்குக்கு ஒரு பிஸ்கட், பம்புக்கு ஒரு பிஸ்கட்.
பன்னிரண்டாம் நாள் ஹீட்டர் டிக்கென்றது.
என் கையைப் பார்த்தான்
கடன் கொடுத்தவன் பார்ப்பது போல.

ஓரெஸ்ட்டுக்கு இதெல்லாம் பாதிதான் கேட்கும்.
ரயில் யார்டில் முப்பத்தோரு வருஷம்,
இடது காது போய்விட்டது.
நல்ல காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டால்
அவனுக்கு உலகம் அணைந்துவிடும்.
மிச்ச இரவு முழுக்க என்னுடையது.

ஜூன் கடைசியில் சைப்ரஸ் மலைக்குப் போனோம்.
அங்கே சைப்ரஸ் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பைன்.
கதவைத் திறக்கும் முன்பே
ஏரியை இரண்டு சுற்று சுற்றவைத்தேன்.
நாக்கு தொங்கியது எனக்குத்தான்.

இரவு பதினொன்றுக்குமேல் சத்தம் கூடாதென்று பலகை.
பதினொன்று ஐந்துக்குக் கூரையில்
ஒரு அணில் ஓடியது.
அறுபது கிலோ நாய் என் நெஞ்சில் ஏறி நின்று
சஸ்காச்சுவான் முழுக்கச் சேதி சொன்னது.
பக்கத்து வண்டியில் விளக்கு எரிந்தது.
அதற்கடுத்த வண்டியிலும்.

மழைக்கோட்டை இரவு உடைமேல் மாட்டி
இரண்டையும் இழுத்துக்கொண்டு இருட்டில் நடந்தேன்.
வளைவில் எதிரே ஒரு பெண்,
காலில் ஜோடி மாறிய செருப்பு,
கையில் குதிக்கிற ஒரு டெரியர்.
பேசவில்லை. தலையசைத்துக்கொண்டோம்,
ஒரே வழக்குக்காக
கோர்ட்டுக்கு வந்தவர்கள் மாதிரி.

திரும்பி வந்தபோது
வீட்டிலிருந்து கொண்டுவந்த துவைக்காத போர்வை
ஜன்னலை மறைத்து ஒட்டப்பட்டிருந்தது.
மேசையைக் கழற்றிய இடத்தில், தரையில்,
ஓரெஸ்ட் படுத்திருந்தான்.
நிக்கல் அவன் வயிற்றை மூன்றுமுறை சுற்றி
மடங்கி விழுந்தான்.
பீட்ரூட் அவன் முழங்காலுக்குள் தலையை நுழைத்தாள்.

மறுபடி அணில் வந்தது.
நிக்கலின் ஒரு காது எழுந்தது.
அதற்குமுன்பே அவன் முதுகில்
ஓரெஸ்ட்டின் கை இறங்கியிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன்:
செத்த காது தலையணையில்,
நல்ல காது கூரையைப் பார்த்து.