பச்சை எழுத்து

கூட்ட அறையில் ஏசி பதினெட்டில்.
கீழே உரிப்புக் கூடத்தில்
நூற்றிப்பத்துப் பெண்கள் நண்டு உடைக்கும் சத்தம்
தரை வழியாக ஏறி வருகிறது.

சென்னையிலிருந்து வந்த ஆலோசகர்
திரையில் ஒரு டைனோசர் போட்டார்.
எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது.

"பாம்பன் பாலத்தையே மாத்திட்டாங்க மேடம்,
உங்க பச்சை எழுத்தை மாத்தக் கூடாதா?"

மாற்றலாம் சார்.
பாலத்தின் இரும்பை உப்புக்காற்று தின்றது.
என் பெட்டியின் இரும்பையும் தின்றது.
நான்கு முறை புதுப்பெட்டி வந்து
இதே மண்டபத்தில் லாரியிலிருந்து இறங்கியது.
சனிக்கிழமை ராத்திரி பழையதை அணைத்தோம்.
ஞாயிறு விடிவதற்குள்
அதே நிரல்கள், ஒரு வரி திருத்தாமல்,
புதியதில் எழுந்து உட்கார்ந்தன.
திங்கட்கிழமை சரக்கு வழக்கம்போல் போயிற்று.
உங்களிடம் யாரும் சொல்லவில்லை.
எதுவும் நிற்காத நாளைப் பற்றி
யார் வந்து சொல்வார்கள்?

ரிஃபாய் சார் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.
அடுத்த படம்: இரண்டு கோடியே நாற்பது லட்சம், பதினெட்டு மாதம்.
நண்டு பதினெட்டு மணி நேரம் தாங்காது என்று
சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.
மலிவான வசனம்.

பதிலாக அந்த டப்பாவைச் சொன்னேன்.
கச்சான் பேயாய் அடித்த ஆனி மாதம்,
கடல் கடந்து ஒரு புகார்:
சதைக்குள் நீல நைலான் இழை.
கன்டெய்னர் மொத்தத்தையும் திருப்புவோம் என்றார்கள்.
லாட் எண்ணை அடித்தேன்.
மேசை ஒன்பது, இரண்டாம் ஷிப்ட்,
வேதாளைக் கொட்டகையில் எடை போட்டது,
அந்தோணி பிச்சையின் வள்ளம்.
டீ ஆறுவதற்குள் எல்லாம் வந்துவிட்டது.
நாற்பது பெட்டியை ஒதுக்கினோம், மீதி விற்றது.
அன்று என் நாற்காலிக்குப் பின்னால் நின்று
"பரவாயில்லையே இது" என்றது நீங்கள்தான் சார்.
அன்றும் எழுத்து பச்சைதான்.

நிறம்தான் உறுத்துகிறது என்றால், இதோ,
போன வாரம் பிரவுசரில் ஒரு முகம் கட்டினேன்.
வெள்ளைப் பின்னணி, வட்டப் பொத்தான்கள்.
"அட, புதுசு வாங்கியாச்சா?" என்றார் நிதி மேலாளர்.
சட்டை மட்டும், என்றேன்.

அப்போதுதான் ரிஃபாய் சார் கேட்டார்,
அவ்வளவு நேரமும் யாரும் கேட்காததை:
"லூர்து மேடம், நீங்க ரிட்டயர் ஆயிட்டா
இதை யார் பார்ப்பா?"

நண்டு உடையும் சத்தம்.

உதவிக்கு ஓர் ஆள் கேட்டு
ஆறு கடிதம் எழுதியிருக்கிறேன்.
தேதிகள் மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
நான்காவதில் குரல் கம்மியது.
அது நான் தயாரித்து வந்ததல்ல.
இயந்திரத்துக்கு வயதாகவில்லை சார்,
தெரிந்தவர்களின் எண்ணிக்கை ஒன்று.
அவ்வளவுதான் கோளாறு.

"அடுத்த மாசம் பேசுவோம்" என்று எழுந்தார்.

மாலையில் ஆலோசகரின் காரை
வாசலில் பூமிநாதன் மறித்துவிட்டார்.
மடிக்கணினி வெளியே போக கேட்பாஸ் வேண்டும்.
டையைத் தளர்த்தியபடி
மாடியேறி வந்து என் முன் நின்றார்.
பெயர். வண்டி எண். பொருள் ஒன்று.
கடைசிக் கட்டம், பச்சையில், கேட்டது:
மறுபடி உள்ளே வருமா? ஒய் / என்.

என் விரல் 'என்' மேல்
கொஞ்ச நேரம் நின்றது.
ஆனால் கணக்கு கணக்குதான்.
ஒய் அடித்தேன்.
பிரிண்டர் கரகரக்கத் தொடங்கியது.